முன்பணமும் ஒரு கடிதமும்: பட்டுத்தறிக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு

1/ ஆரணிப் பட்டு இல்லாத கல்யாண வீடு நம்ம பக்கம் குறைவு. அந்தப் பட்டுத்தறியில் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தாங்க, தெரியுமா? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூணு நாடா ஓடணும். பக்கத்தில் ஒரு உதவியாள் வேணும். காஞ்சிபுரம், ஆரணி வட்டாரத்தில் பல வருஷம் அந்த இடத்தில் இருந்தது பிள்ளைங்க.

3/ எப்படி வந்தாங்க? முன்பணம்தான். வீட்டில் நோய், பிரசவம், கல்யாணம். பெத்தவங்க கடன் வாங்குவாங்க, அது அடையும்வரை பிள்ளை தறியில். டாக்டரா எனக்கு உறுத்துறது அந்தப் பட்டியலின் முதல் சொல்.

4/ இதுக்குச் சட்டம் 1976லேயே வந்தாச்சு: கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாம தடுத்தா அது கொத்தடிமை. அந்தக் கடனைத் திருப்பித் தரவே வேண்டாம்! ஆனா சட்டம் ஏட்டில் தூங்கிச்சு.

5/ அதை உலுக்கினது ஒரு கடிதம். 1982ல் ஹரியானா கல்குவாரித் தொழிலாளர் நிலை பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிச்சு. நீதிபதி பகவதி அமர்வு அந்தக் கடிதத்தையே வழக்கா எடுத்துக்கிச்சு. நேரில் பார்த்து வர ஆட்களையும் அனுப்பிச்சு.

6/ "கட்டாய வேலைதான், கொத்தடிமை இல்லை"ன்னு ஹரியானா அரசு வாதாடிச்சு. 1983 டிசம்பர் தீர்ப்பு அதை ஏற்கலை. கட்டாய வேலைன்னா பின்னாடி முன்பணம் இருக்குன்னே எடுத்துக்கணும். இல்லைன்னு முதலாளிதான் நிரூபிக்கணும்.

7/ நம்ம பட்டுத்தறிக்கு வெளிச்சம் மெதுவாதான் வந்துச்சு. 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழில் குழந்தைகள் பற்றி அறிக்கை போட்டுச்சு. இந்திய-அமெரிக்க 'இண்டஸ்' குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் காஞ்சிபுரமும் திருவண்ணாமலையும் சேர்ந்துச்சு.

8/ பிள்ளைங்க பள்ளிக்குத் திரும்பினது பெரிய மாற்றம். ஆனா 2016 திருத்தம், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவலாம்னு ஒரு கதவைத் திறந்து வச்சிருக்கு. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கிற ஊர்ல இதைக் கவனிக்கணும்.

9/ இந்த வரலாறு சொல்றது ஒண்ணுதாங்க. பார்த்தவர், எழுதினவர், வாதாடினவர் மூணு பேரும் சேர்ந்தப்பதான் சட்டம் நகர்ந்துச்சு. நாம பார்க்கிறவங்க. அடுத்த ஆளுக்குச் சேதி சொல்லணும், அவ்ளோதான்.

10/ குழந்தைன்னா 1098. இலவச வக்கீலுக்கு 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது. நம்பரைச் சேமிச்சுக்கோங்க, தறி ஓடுற தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்க. 🙏