மேடை திருத்திய பாடல்: நைட்விஷ் குழுவின் 2001 வெளியீடு குறித்து

ஸ்டுடியோவில் பதிந்த புதுப் பாடல்களையும் மேடைப் பதிவுகளையும் ஒரே தட்டில் சேர்த்துத் தரும் பவர் மெட்டல் வெளியீடுகளை, இரண்டு ஆல்பங்களுக்கு இடையிலான வெறும் இட்டுநிரப்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஃபின்லாந்தின் நைட்விஷ் குழு 2001இல் வெளியிட்ட ‘ஓவர் தி ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே’ அந்தக் குற்றச்சாட்டுக்குத் தோதான சாட்சியாகவே தோன்றும். ஸ்பைன்ஃபார்ம் நிறுவனம் ஃபின்லாந்தில் வெளியிட்ட வடிவில் நான்கு ஸ்டுடியோ பாடல்களே இருந்தன. ஜெர்மனியின் ட்ராக்கார் நிறுவனம், 2000 டிசம்பர் 29 அன்று தம்பெரே நகரில் நடந்த கச்சேரியிலிருந்து ஆறு பாடல்களை அவற்றோடு சேர்த்தது. அந்தக் கச்சேரியோ தனி வெளியீடாகவும் கிடைத்தது. ஆயினும் ஜெர்மானிய வடிவின் இரு பகுதிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதே என் வாதம்: குழு தன் முதல் ஆல்பத்தைத் திருத்திக்கொள்கிறது.

1997இல் வந்த அந்த முதல் ஆல்பத்தில் ஆண்குரல் பகுதிகளைக் கீபோர்டு கலைஞர் துவோமாஸ் ஹோலோபைனனே பாடியிருந்தார். பாடகி தார்யா துருனனின் பயின்ற ஓபரா குரலுக்கு முன் அது நிற்கவில்லை. ஹோலோபைனனும் பிறகு பாடுவதை விட்டுவிட்டார். தம்பெரே மேடையில், அந்த ஆல்பத்தின் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ பாடலில் அவருடைய இடத்தை சொனாட்டா ஆர்க்டிகா பாடகர் டோனி காக்கோ எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் வெளிவந்த, அதே ஆல்பத்துப் பாடலான ‘அஸ்ட்ரல் ரொமான்ஸ்’ மறுபதிவிலும் அதே மாற்றம், அதே பாடகர். 2001 வெளியீட்டில் அது நான்காவது பாடல். அது முடிந்ததும் மேடைப் பகுதி தொடங்குகிறது. மாற்றம் முதலில் மேடையில் நிகழ்ந்ததால், மேடை என்பது ஸ்டுடியோ மூலத்தின் நகல் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. பதிவுத் தொழில்நுட்பம் வந்த பின்னரே ‘நேரடி’ என்ற வகைமை பொருள்பெற்றது என்று நிகழ்த்துகலை ஆய்வாளர் ஃபிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் வாதிட்டார்; இரண்டில் எது மூலம் என்ற கேள்வியே அதனால் ஆட்டங்காண்கிறது.

இந்தச் சேர்க்கை குழுவின் திட்டமல்ல, நிறுவனத்தின் கணக்குதானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் என் வாதம் யாருடைய நோக்கத்தையும் நம்பி நிற்கவில்லை. ஒரே தட்டில் ஒலிக்கும் இரு பாடல்களுக்கு இடையிலான உறவு, சேர்த்தவர் யாராயினும் கேட்பவருக்குப் புலப்படும். இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று: ஆறு மேடைப் பாடல்களில் ஒன்றுதான் இந்தத் திருத்தத்தைக் காட்டுகிறது. ‘விஷ்மாஸ்டர்’, ‘ஷீ இஸ் மை சின்’, ‘தி கின்ஸ்லேயர்’ மூன்றும் 2000இல் வந்த ஒரே ஆல்பத்தின் பாடல்கள். மேடையில் பெரிதாக உருமாறவில்லை. அவை இடத்தை அடைக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நிறைவு தந்த பாடலைத் தொடாமல் விட்டு, குறை தெரிந்த பாடலில் மட்டும் கைவைத்தால்தானே அது திருத்தம்?

இதை எல்லாக் கலப்பு வெளியீடுகளுக்கும் நீட்டிவிட முடியாது. பிளைண்ட் கார்டியன் குழு 1996இல் வெளியிட்ட ‘தி ஃபர்காட்டன் டேல்ஸ்’ தொகுப்பில் ‘தி பார்ட்ஸ் சாங்’ மேடைப் பதிவாக வருகிறது. அங்கே பாடலின் பெரும்பகுதியைப் பார்வையாளர்களே பாடுகிறார்கள். 1992ஆம் ஆண்டின் ஸ்டுடியோ வடிவில் திருத்த எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.