கொத்தமல்லி சிலருக்கு மட்டும் சோப்பு மாதிரி வாடை அடிப்பது ஏன்? மூக்குக்குள் இருக்கும் 400 மரபணுக்கள்!

ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லித் தழை ஒருவருக்கு கமகமவென மணக்கும். பக்கத்தில் சாப்பிடுபவருக்கோ அதே தழை சோப்பு மாதிரி வாடை அடிக்கும். இதை வெறும் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு.

மூக்குக்குள் என்ன நடக்கிறது?

மூக்கின் மேல்பகுதியில் உள்ள சிறிய சவ்வில் பல லட்சம் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் இருப்பவைதான் 'வாசனை ஏற்பிகள்' என்ற புரதங்கள். காற்றில் வரும் மூலக்கூறு, தனக்குப் பொருந்தும் ஏற்பியின் குழியில் போய் ஒட்டும். உடனே செல்லில் மின் சமிக்ஞை உருவாகி மூளைக்குப் போகும்.

எத்தனை மரபணுக்கள்?

இந்தப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மனிதர்களிடம் சுமார் 400 வேலை செய்கின்றன. அதே அளவுக்கு மேல் செயலிழந்து கிடக்கின்றன. ஆப்பிரிக்க யானைக்கோ சுமார் 2,000! இந்த மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

400 ஏற்பி, ஆயிரக்கணக்கான வாசனை... எப்படி?

ஒரு செல்லில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான் இருக்கும். ஆனால் ஒரு வாசனை பல ஏற்பிகளைத் தூண்டும். சில எழுத்துகள் மாறிமாறிச் சேர்ந்து பல சொற்கள் ஆவது போல, எந்தெந்த ஏற்பிகள் தூண்டப்பட்டன என்பதை வைத்து மூளை வாசனையை அடையாளம் காணும்.

ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது?

மரபணுவில் சின்ன மாற்றம் வந்தாலும் ஏற்பியின் வேலை மாறலாம். கொத்தமல்லியில் உள்ள ஆல்டிஹைடு வகைப் பொருட்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை உணரும் 'ஓஆர்6ஏ2' மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாற்றத்துக்கும் சோப்பு வாடைக்கும் தொடர்பு இருப்பதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் மரபணு மட்டுமே காரணமில்லை. பழக்கமும் முக்கியம்.

வாசனை போனால் என்ன ஆபத்து?

சமையல் காஸுக்கு சொந்தமாக வாசனை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றமுள்ள ரசாயனம் சேர்க்கிறார்கள். மோப்பம் போனவருக்கு அந்த எச்சரிக்கையே கிடைக்காது. கொரோனாவில் பலருக்கு மோப்பம் போனதற்கு, நரம்பு செல்களைத் தாங்கும் துணை செல்களை வைரஸ் தாக்கியதே முக்கிய காரணம். பார்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறியாகவும் மோப்பம் குறையலாம். சளி சரியான பிறகும் வாசனை திரும்பவில்லை என்றால், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது.