மனச்சோர்வு மருந்தைப் பத்தே நாளில் நிறுத்தலாமா?

ஜொகூர் பாரு: மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கத் தொடங்கும் சிலர் பத்து நாளில் அதை நிறுத்திவிடுகின்றனர். வயிற்றைப் புரட்டுகிறது, தூக்கக் கலக்கமாக இருக்கிறது, மனம் மட்டும் அப்படியே இருக்கிறது என்பார்கள். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவருக்கு அந்தக் கலக்கம் சிறிய விஷயமல்ல. ஆனாலும், மூளைக்குள் நடக்கும் மாற்றத்திற்குப் பத்து நாள் போதாது.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு உள்ளது. 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது.

செரோட்டோனின் மட்டும்தானா?

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். ஃபுளுவோக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் அது மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இந்த வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். மனம் தெளியவோ 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். செரோட்டோனின் குறைவு மட்டுமே காரணம் என்றால் ஓரிரு நாளில் குணம் தெரிய வேண்டுமே! அந்தக் குறைவே மனச்சோர்வைத் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் கூறியது. நோயின் காரணத்தைப் பற்றிய பேச்சு இது. மருந்து பயன்தராது என்று அதற்குப் பொருளல்ல.

புதிய நரம்பணுக்கள்

நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய மூளைப்பகுதி ஹிப்போகேம்பஸ். பெரியவர்களின் மூளையிலும் அங்கே புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை 1998இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2003இல் சுண்டெலிகளுக்கு அந்தப் பகுதியில் மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் புதிய அணுக்கள் வளராமல் தடுத்தபோது, மனச்சோர்வு மருந்துகள் பலன் தரவில்லை. புதிய அணு முதிர்ந்து மற்றவற்றோடு இணையச் சில வாரங்கள் பிடிக்கும். மருந்தின் தாமதத்திற்கு இது ஒரு விளக்கம்.

மனிதரில் இந்த வளர்ச்சி எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. 2018இல் வந்த இரு ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உடற்பயிற்சியும் இந்தப் பகுதிக்கு உதவலாம். முதியோர் 120 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெரிதானது.

கவனிக்க வேண்டியவை

* பக்கவிளைவுகள் முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். கலக்கம் அதிகமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.
* 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். குடும்பத்தார் உடனிருந்து கவனிக்க வேண்டும்.
* குணமானதும் திடீரென நிறுத்தாதீர்கள். பொதுவாக மேலும் 6 மாதமாவது தொடர வேண்டும். பிறகு மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.
* கோயிலுக்குப் போவதும் வேண்டுதல் வைப்பதும் மனத்திற்குத் தெம்பு தரும். அதற்காக மாத்திரையை விட வேண்டியதில்லை.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குச் செல்லலாம். தேவையானால் அங்கிருந்தே மனநல நிபுணரிடம் அனுப்புவார்கள். ஜொகூரில் தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனை மனநல சிகிச்சைக்கானது. தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 15555 என்ற எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமல்ல. எனவே உதவி கேட்க யாரும் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.