செத்துப் பிழைத்தவர்களின் வரலாறு

நோர்வேத் தமிழரின் வரலாறு இப்போது ஓரளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. 1956 இல் குருநகரிலிருந்து வந்த அன்ரனி இராஜேந்திரம், 1967 இல் தொடங்கிய சீநோர், எண்பதுகளில் நாட்டுப்புற உயர்பாடசாலைகளுக்கு வந்த இளைஞர்கள், வடக்கின் மீன் தொழிற்சாலைகள் என்று அது நீள்கிறது. இதில் நடமாடுவோர் பெரும்பாலும் ஆண்கள். பின்னால் வந்த பெண்கள் ‘குடும்ப ஒன்றிணைவு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிடுகிறார்கள். அப்பெண்கள் இங்கு பிள்ளை பெற்றார்கள் என்பதும், சிலர் பெறும்போது செத்துப் பிழைத்தார்கள் என்பதும் எமது வரலாற்றில் இல்லை.

ஒஸ்லோவின் தென்கோடியில், எண்பதுகளில் எழுந்த குடியிருப்பு பியோர்ண்டால். இதுபோன்ற இடங்களில் இக்கதைகள் பேசப்படாமலில்லை. ஆனால் அவை இரண்டு வசனங்களில் முடிந்துவிடும். ஒன்று, ‘ஆண்டவன் காப்பாற்றினான்’. மற்றது, ‘நோர்வே என்றபடியால் தப்பினாள், ஊரென்றால் முடிந்திருக்கும்’. முதலாவதுடன் நான் வாதாட வரவில்லை. இரண்டாவது ஒரு வரலாற்றுக் கூற்று. ஆகவே அதைப் பரிசீலிக்கலாம்.

பேற்றின் பின்னான குருதிப்பெருக்கை எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் நிமிடமொன்றுக்கு அரை லீற்றர் அளவு குருதி கருப்பைக்குப் பாய்கிறது. நச்சுக்கொடி கழன்றதும் கருப்பைத் தசை இறுகி, திறந்துகிடக்கும் நாளங்களை நெரித்து மூடவேண்டும். இறுகாவிட்டால், நல்ல சுகதேகியான பெண்கூட இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்துபோகலாம். அவளைக் காப்பாற்றுபவை சில. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருத்தி, கருப்பையை இறுக்கும் மருந்து, ஏற்றுவதற்குக் குருதி, தேவையானால் சத்திரசிகிச்சை, இவற்றை நேரத்துக்கு அடையும் வழி. இவற்றில் எதுவும் நோர்வேயின் மண்ணில் தானாக முளைத்ததல்ல.

இன்றைய ஒஸ்லோ கிறிஸ்தியானியாவாக இருந்த காலத்தில், 1818 இல், அங்கு மருத்துவிச்சிகளுக்கான பாடசாலை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனிதரிலிருந்து மனிதருக்குக் குருதி ஏற்றிப் பார்த்தார். பேற்றில் குருதியிழந்து இறக்கும் பெண்களைக் கண்டதே அவரை அதற்குத் தூண்டியது. கிறிஸ்தியானியாவின் பிரசவ இல்லத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேற்றுக் காய்ச்சல் தாய்மாரைக் கொன்றது. குருதி வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1901 இல். எர்கோமெற்றின் பிரித்தெடுக்கப்பட்டது 1935 இல். நாடு முழுவதற்குமான பிறப்பு மருத்துவப் பதிவேட்டை நோர்வே தொடங்கியது 1967 இல். நாம் வந்து சேர்ந்த நோர்வே, இவ்வளவும் நடந்து முடிந்த நோர்வே.

ஊர் இதற்கு வெளியே கிடந்ததா? 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1857 இல் வெளிவந்த மோன்செலின் பிள்ளைப்பேற்று மருத்துவ நூல் அவற்றில் ஒன்று. பிற்காலத்தில் வைத்தியக் கல்வியையே தமிழில் நடத்தினார். ஆனால் அவருடைய மாணவர்கள் ஆண்கள். எங்கள் பேற்றறை ஆண்களுக்கு மூடிய அறை. நூல் தமிழில் இருந்தும் அறைக்குள் போக அதற்கு வழி இருக்கவில்லை. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டு, பெண் வைத்தியர்கள் பணிபுரியத் தொடங்கிய பின்னரே அந்தக் கதவு மெல்லத் திறந்தது.

அதன் பின்னர் அரசு வந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமாயிற்று. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் இது ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறைந்தது. செல்வம் கொழித்து இது நடக்கவில்லை. மருத்துவிச்சி, இலவச மருத்துவம், மலேரியா ஒழிப்பு, வீதி, பெண்கல்வி ஆகியவை சேர்ந்து செய்த காரியம் இது.

ஆகவே ‘ஊரென்றால் முடிந்திருக்கும்’ என்பது ஊரைப் பற்றிய உண்மையல்ல, போரைப் பற்றிய உண்மை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள் தடைசெய்யப்பட்டது. குருதியைக் குளிரில் வைத்திருக்க மின்சாரம் வேண்டும். இரவில் நோகத் தொடங்கிய பெண்ணைக் கொண்டுபோக வாகனம் வேண்டும், வாகனத்துக்கு எண்ணெய் வேண்டும். இரண்டு தலைமுறைகள் கட்டியெழுப்பியதைத் தடையும் ஷெல்லும் ஊரடங்கும் உடைத்தன. பொல்லாத விதியென்று இதைச் சொல்லிவிட்டால், உடைத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

இனி, ‘நோர்வே என்றபடியால் தப்பினாள்’ என்பதற்கு வருவோம். இங்கு மருந்தும் குருதியும் அம்புலன்சும் உண்டு. ஆனால் குருதி எவ்வளவு போகிறது என்று யாராவது அறியவேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது இழப்பு குறைவாகவே தோன்றும். 2023 இல் நைஜீரியா, கென்யா, தான்சானியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, அளவு குறித்த விரிப்பில் குருதியைச் சேர்த்து அளந்து, உடனடியாக எல்லாச் சிகிச்சைகளையும் ஒருமிக்கத் தொடங்கினால் கடும் பாதிப்புகள் அரைவாசிக்கும் மேலாகக் குறைவதைக் காட்டியது. நேரத்துக்கு அறிவதே பாதி வைத்தியம்.

வீடு திரும்பிய பெண்ணுக்கு விரிப்பு இல்லை. அவளிடம் இருப்பது வாய் மட்டும். ‘தலை சுத்துது, துணி நனைஞ்சுகொண்டே இருக்குது’ என்று அவள் சொல்லவேண்டும். யாரிடம், எந்த மொழியில்? பல வீடுகளில் கணவனே மொழிபெயர்ப்பாளன். துடக்குக் கழியாத பெண்ணின் குருதியைப் பற்றி அவனிடம் பேசவே கூச்சம். அவன் அதை அன்னியரிடம் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும். ‘பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்தானே’ என்று தொலைபேசியில் ஊரிலிருந்து வரும் ஆறுதலும் சேர்ந்துகொள்ளும். கிறீனின் நூலைத் தடுத்த அதே கதவுதான் இது. அங்கு அறிவு தமிழில் இருந்தது, அறைக்குள் போகவில்லை. இங்கு அறிவு அறைக்குள் இருக்கிறது, தமிழ் போகவில்லை.

1986–1995 காலப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இலங்கை, இந்தியப் பெண்களிடையே சத்திரசிகிச்சைப் பிரசவம் நோர்வேஜியப் பெண்களிடையே இருந்ததைவிடக் கூடுதலென்று கண்டனர். எத்தனை என்பதைப் பதிவேடு சொல்லும். அந்த அறையில் அவளுக்கு என்ன விளங்கியது, எதற்குச் சம்மதித்தாள் என்பதை அது சொல்லாது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசியமான வேளையில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் கடமையைப் பொது நிறுவனங்கள்மீது சுமத்துகிறது. முதலில் வந்த பெண்களுக்கு இந்தச் சட்டம் இருக்கவில்லை. இன்று வருபவர்களுக்கு உண்டு. அது உண்டென்பதை அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

எங்கள் அமைப்புகள் மாவீரரையும் கலைவிழாக்களையும் தேர்தல்களையும் ஆவணப்படுத்தியுள்ளன. பியோர்ண்டாலிலும் ஏனைய இடங்களிலும் செத்துப் பிழைத்த பெண்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டுகிறார்கள். அவர்களின் சாட்சியம் அவர்களுடைய சொற்களிலேயே, கணவரின் திருத்தமின்றிப் பதியப்படவேண்டும். எந்த அறிகுறியை யார் கவனிக்கவில்லை, எந்தச் சொல் கிடைக்கவில்லை, யார் ஓடிவந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்துப் பெறப்போகிறவளுக்கு அது தேவை.