வட்டத்துக்கு வெளியே ஐவர்

40 பேரில் 25 பேர் காலைப் பத்திரிகையும் 20 பேர் மாலைப் பத்திரிகையும் வாசிக்கின்றனர். 10 பேர் இரண்டையும் வாசிக்கின்றனர். எதையும் வாசிக்காதோர் எத்தனை பேர்?

கூட்டினால் 45. இருமுறை எண்ணப்பட்ட 10 பேரைக் கழித்தால் 35. எஞ்சும் ஐவரே விடை.

தொடைக் (தமிழகத்தில் கணம்) கணக்குகளுக்கு நாம் வரையும் வட்டங்கள், 1768இல் வெளியான ஒயிலரின் கடிதங்களிலேயே உள்ளன. ஆனால் அவர் ஏற்கெனவே அறிந்த உறவையே வரைந்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோன் வென் 1880இல் முறையை மாற்றினார்: சாத்தியமான பகுதிகள் அனைத்தையும் முதலில் வரைந்து, வெறுமையானவற்றைப் பின்னரே நிழற்றினார்.

எனினும் வட்டங்களுக்கு வெளியே நிற்போருக்கு வென் எல்லை இடவில்லை. ‘அலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், 1896இல் வெளியான தமது தர்க்க நூலில் அவர்களையும் ஒரு சதுரத்துள் சேர்த்தார். மக்களைத் தொகைகளாக எழுதும் பத்திரிகையாளர் மறக்கலாகாத சதுரம் அது: இரண்டிலும் நிற்போரும் உளர், எதிலும் சேராதோரும் உளர்.