ஜென்ஜியாங் நினைவுகள்: ஒரு மிஷனெரி மகளின் சாட்சியம்

மிஷன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும், மிஷனெரிகள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களையுமே ஆதாரமாகக் கொள்வர். மிஷனெரிகளின் பிள்ளைகள் எழுதிவைத்த இளமை நினைவுகளை, ஏக்கம் கலந்தவை என்று கருதி அவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயினும், அறிக்கைகள் கூறாதுவிட்ட சில உண்மைகளை அந்நினைவுகளே நமக்குக் கூறுகின்றன. சீன நகரமாகிய ஜென்ஜியாங்கில் தாம் கழித்த இளமையைக் குறித்துப் பெர்ல் பக் அம்மையார் எழுதியவற்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

ஜென்ஜியாங், யாங்சி பேராற்றின் தென்கரையில், சீனத்தின் பெருங்கால்வாய் அவ்வாற்றைச் சந்திக்குமிடத்தில் அமைந்த தொன்மையான நகரம். 1858ஆம் ஆண்டுத் தியென்ஜின் உடன்படிக்கையின்படி அது அந்நிய வாணிபத்திற்குத் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரையில் பிரிட்டிஷார் தமக்கெனத் தனிக் குடியிருப்பையும் பெற்றனர். போரில் தோற்ற சீனத்தின்மேல் சுமத்தப்பட்ட அதே உடன்படிக்கையே மிஷனெரிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. நற்செய்தியும் வாணிபமும் ஒரே வாசல் வழியாக நுழைந்தன என்பதைச் சீனர் மறக்கவில்லை.

அமெரிக்கத் தென் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் மிஷனெரிகளான அப்சலோம் சைடன்ஸ்ட்ரிக்கர், கரோலின் தம்பதியரின் மகளாகப் பெர்ல் 1892இல் அமெரிக்காவில் பிறந்தார். சில மாதக் குழந்தையாகவே சீனத்துக்குக் கொண்டுவரப்பட்ட அவருக்கு, ஆங்கிலத்தைப் போலவே சீனமும் தாய்மொழியாயிற்று. காலையில் தாயார் அமெரிக்கப் பாடங்களைக் கற்பித்தார். பிற்பகலில் குங் என்னும் கன்பூசிய அறிஞர் சீன எழுத்தையும் இலக்கியத்தையும் கற்பித்தார். வாங் என்னும் செவிலித்தாய் பழங்கதைகளைச் சொல்லி வளர்த்தார். சுவருக்கு உள்ளே ஒழுங்கும் தூய்மையும் உடைய சிறிய பிரெஸ்பிட்டேரியன் உலகம். வெளியே அன்பும் ஆரவாரமும் நிறைந்த பெரிய சீன உலகம். இரண்டிலும் தாம் வாழ்ந்ததாகவும், அவற்றிற்கிடையே போக்குவரத்து இருந்ததில்லை என்றும் 1954இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவர் எழுதுகிறார்.

1900இல் மூண்ட பாக்சர் கிளர்ச்சி இவ்வினிய உலகைக் குலைத்தது. தாயும் பிள்ளைகளும் ஷாங்காய்க்குத் தப்பிச் செல்ல, தந்தை ஜென்ஜியாங்கிலேயே தங்கினார். அக்கிளர்ச்சியில் மிஷனெரிகளும், அவர்களைவிட மிகப் பலராகச் சீனக் கிறிஸ்தவர்களும் உயிரிழந்தனர். மிஷன் வரலாறுகள் அதனை இரத்தசாட்சிகளின் காலமாகப் போற்றுகின்றன. அது முற்றிலும் தகும். ஆனால் அந்நியர்மீது வெறுப்பு எழக் காரணமென்ன என்பதைச் சிறுமி பெர்ல் அறிந்தது, தம் ஆசிரியர் குங்கிடமிருந்தே. அபினிப் போர்களையும், பறிக்கப்பட்ட துறைமுகங்களையும் அவர் சீனரின் கண்கொண்டு விளக்கினார்.

இந்நினைவுகளை நாம் அப்படியே ஏற்கலாகாது. 1934இல் சீனத்தைவிட்டு நீங்கி இருபது ஆண்டுகள் சென்றபின், திரும்பிச் செல்லும் வழியும் அடைபட்ட காலத்தில் அவை எழுதப்பட்டவை. வெள்ளைக்காரச் சிறுமி அச்சமின்றி உலாவ முடிந்ததற்கு உடன்படிக்கையின் பாதுகாப்பும் ஒரு காரணம். எனினும் இவருடைய ஏக்கம் கண்ணை மறைக்கும் ஏக்கமன்று. கைவிடப்பட்டு இறந்த பெண்சிசுக்களின் எச்சங்களை மலைச்சரிவில் கண்டு, தம் சிறு கைகளால் புதைத்தவர் அவர். தம் இல்லத்தின் துயரையும் அவர் மறைக்கவில்லை. தாயார் பெற்ற எழுவரில் நால்வர் சிறுவயதிலேயே மாண்டனர். தந்தையோ புதிய ஏற்பாட்டைத் தாமே சீனமொழியில் பெயர்த்து அச்சிடுவதற்காகக் குடும்பத்தின் தேவைகளைச் சுருக்கினார். 1936இல் வெளிவந்த பெற்றோரின் வாழ்க்கை வரலாறுகள் இரண்டிலும் அவ்வூழியத்தின் விலையை யார் செலுத்தினர் என்பதை வாசிக்கிறோம்.

இந்த இளமையே அவரைப் பேசவும் வைத்தது. 1932 நவம்பரில், நியூயார்க்கில் கூடிய பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் முன்னிலையில், அந்நிய மிஷனுக்கு நியாயம் உண்டா என அவர் வினவினார். உண்டு என்பதே அவர் விடை. ஆனால் தாம் ஊழியம் செய்யும் மக்களை மதியாத, அவர்தம் நாகரிகத்தை அறிய முயலாத மிஷனெரிகளை அவர் வன்மையாகக் கண்டித்தார். எதிர்ப்பு மூண்டது, அடுத்த ஆண்டே அவர் மிஷன் பணியிலிருந்து விலகினார். அவருடைய கோட்பாடுகள் சிலவற்றை நாம் ஏற்க இயலாதிருக்கலாம். எனினும், சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவரின் சாட்சியத்தைச் செவிமடுக்க அன்றைய திருச்சபை ஆயத்தமாயிருக்கவில்லை என்பது வரலாறு.

1972இல் சீனம் சென்றுவர அவர் அனுமதி கோரினார், மறுக்கப்பட்டது. 1973 மார்ச்சில் அமெரிக்காவில் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில் அவர் பெயர் சீன எழுத்துகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஜென்ஜியாங்கில் அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் நினைவில்லமாக்கப்பட்டது.

திருச்சபை வரலாற்றைக் கற்போருக்கு இதனால் ஒரு கடமை புலனாகிறது. எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், எத்தனை பள்ளிகள் எழுந்தன என்பதை அறிக்கைகளில் காணலாம். செவிலித்தாய் வாங்கும் ஆசிரியர் குங்கும் அவற்றில் இடம்பெறார். சபை வரலாறு எழுதப் புகுவோர், ஏடுகளைப் புரட்டுவதோடு நில்லாது, மிஷன் வளாகத்தின் சமையலறையிலும் திண்ணையிலும் இருந்தவர்களைப் பற்றியும் விசாரித்தறிதல் வேண்டும்.