அண்ணன் மகளைப் பார்க்கப் போன தீவு

சென்ற மாதம் பத்து நாள் என் வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயிருந்தீங்களா டீச்சர்?" என்று லிஃப்டில் உங்களில் பலர் கேட்டீர்கள். ஊருக்குத்தான் போயிருந்தேன், கொஞ்சம் தூரத்து ஊர். மொரிசியஸ்! அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு லிஃப்ட் நாலாவது மாடி தாண்டுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடம் வரலாறு பாடம் நடத்தியவள், கொஞ்சம் பாடம் நடத்துவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். தன் சொந்த நாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை பார்த்துக்கொண்டே ஓராண்டு வரை தங்கிக்கொள்ள மொரிசியஸ் அரசு ஒரு விசா தருகிறது. அதில் ஆறு மாதம் போயிருந்தாள். காலையில் லேப்டாப், மாலையில் கடல். "அத்தை, ரூம் சும்மாதானே இருக்கு, நீங்களும் வாங்க" என்றாள். போனேன்.

மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃப்ளாக் என்ற கடற்கரை ஊரில் அவள் வீடு. கடல் அலை பவளப் பாறைத் திட்டிலேயே உடைந்துவிடுவதால் கரையோரம் நீர் குளம் போல அடங்கிக் கிடக்கிறது. முதல் இரண்டு நாள் கால் நனைத்தேன். மூன்றாம் நாள் "மியூசியம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "இங்க என்ன அத்தை ஹிஸ்டரி? டோடோ இருந்துச்சு, செத்துப் போச்சு. அவ்ளோதான்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தத் தீவுக்கு ஆதிகுடிகள் என்று யாரும் இல்லை. 1598ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது அங்கே மனிதக் குடியிருப்பே கிடையாது. தங்கள் இளவரசர் மொரிட்ஸ் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து கரும்பு கொண்டுவந்து நட்டார்கள். அவர்கள் 1710ல் தீவை விட்டுப் போவதற்குள் பறக்கத் தெரியாத டோடோ பறவை அழிந்து போயிருந்தது.

ஆகவே, இன்று அங்கே வாழும் ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்தோ வந்ததுதான். யார், எப்படி வந்தார்கள் என்பதுதான் அந்தத் தீவின் வரலாறு.

இதை அவளிடம் சொல்லிக்கொண்டே கடையில் சில்லறை வாங்கியபோது, கைக்கு வந்த நூறு ரூபாய் நோட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். அதில் தமிழ் எழுத்து! ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்குப் பிறகுதான் இந்தி. நோட்டில் இருக்கும் முகமும் தமிழ் வழி வந்தவருடையது. ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல் தலைவர். 1998ல் புதிதாக அச்சான நோட்டுகளில் இந்தியை முன்னால் வைத்துத் தமிழைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். தமிழ் வழியினர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மறுபடியும் அச்சிடப்பட்டன.

"படி பார்க்கலாம்" என்று நோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் முகம் மாறியது. நம் குடியிருப்பில் பல வீடுகளில் நடந்ததுதான் அவள் விஷயத்திலும் நடந்தது. மார்க் வருமென்று பள்ளியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

அந்த நோட்டுக்குப் பின்னால் உள்ள கதை இதுதான். டச்சுக்காரர்களுக்குப் பிறகு 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவை எடுத்துக்கொண்டார்கள். 1735ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயி துறைமுக நகரத்தைக் கட்டி எழுப்பினார். அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் கூலிக்கு வந்தார்கள், சிலர் அடிமைகளாகவே கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'மலபார்களின் முகாம்' என்று பெயர். அன்றைக்கு ஐரோப்பியர்களுக்குத் தென்னிந்தியர் எல்லோருமே மலபார்கள்தான். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இதைவிடப் பல மடங்கு மக்கள் அடிமைகளாக வந்து இறங்கினார்கள்.

1810ல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. 1825ல் மொரிசியஸ் சர்க்கரைக்கு இருந்த கூடுதல் இறக்குமதி வரியை லண்டன் நீக்கியது. அதன்பின் மலையடிவாரம் வரை கரும்பு ஏறியது. 1835 பிப்ரவரி 1 அன்று தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நஷ்ட ஈடாக பிரிட்டன் சுமார் 20 லட்சம் பவுன் கொடுத்தது. யாருக்கு என்கிறீர்கள்? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. அதோடு, பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் மேலும் சில ஆண்டுகள் பழைய முதலாளியிடமே உழைக்கவும் வேண்டியிருந்தது.

அடிமைகள் போனால் கரும்பை யார் வெட்டுவது? அதற்குத்தான் ஒப்பந்தக் கூலி முறை வந்தது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரோடு போர்ட் லூயியை அடைந்தது. அதன்பின் கப்பல் கப்பலாக வந்தார்கள். பீகார் பக்கத்தவர்தான் அதிகம். அடுத்தபடியாக சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும். 1861 கணக்கெடுப்பின்போது தீவின் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. ஆணுக்கு மாதம் 5 ரூபாயும் அரிசியும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் நாடோடி என்று தண்டனை. 1871ல் அதோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் இந்தக் கொடுமைகளை எதிர்த்து ஒரு மனு தயாரித்தார். அவருக்குத் துணை நின்றவர்களில் ராஜரத்தின முதலியார் என்ற தமிழரும் ஒருவர். மனுவில் 9,401 தொழிலாளர்கள் ஒப்பமிட்டார்கள். தோட்ட முதலாளிகள் பிளெவிட்ஸை நாடு கடத்தச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். ஆனால் லண்டன் விசாரணைக் குழு அனுப்பியது. 1875ல் வந்த அதன் அறிக்கை, தொழிலாளர் சொன்னது பொய்யில்லை என்று காட்டியது.

இந்த மக்கள் வந்து இறங்கிய இடம் போர்ட் லூயியில் இன்றும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர். 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடுத்த நாள் அங்கே போனோம். பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கருங்கல் சுவர்கள், சில அறைகள், கடலை நோக்கி 16 படிகள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்த வழியாக வந்திருக்கிறார்கள். சிலர் இங்கிருந்து ரீயூனியனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கூட அனுப்பப்பட்டார்கள். அந்தப் படிகளில் அண்ணன் மகள் ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள்.

எங்களைக் கூட்டிப்போன டாக்ஸிக்காரர் ஐம்பது வயது மனிதர். பார்த்தால் நம் மயிலாப்பூர் தேர் வடம் பிடிக்கிறவர் மாதிரி இருந்தார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாள். கோர் தெ கார்த் மலைமேல் முருகன் கோவில் இருக்கிறது. காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவார்களாம். அவர் வீட்டில் ரசத்துக்கு 'ரசோன்', முருங்கைக்கீரைக்கு 'பிரேத் முரும்', பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்' என்று பெயர். ஆனால் அவருக்குத் தமிழ் பேச வராது. அவர் அம்மாவுக்கும் வராது. வீட்டு மொழி கிரியோல். அவருக்கும் எனக்கும் நடுவில் அண்ணன் மகள்தான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். மார்க்குக்காகப் படித்த பிரெஞ்சு அன்றைக்கு உபயோகப்பட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

அவர் காரின் முன்பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறைபோட்ட ஒரு தாளை எடுத்தார். மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. குடியேற்றக் காலத்துப் பதிவேடுகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. வழிவந்தவர்கள் கேட்டால் தேடித் தருகிறார்கள். இவர் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பற்றிய பதிவு அது. ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், வந்த கப்பல், சேர்ந்த தோட்டம், ஜில்லா தஞ்சாவூர். ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி யாரோ எழுத்தர் எழுதியிருந்தார். திருவாரூரா, திருவையாறா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடவே ஒரு புகைப்படம். கேமராவை முறைத்துப் பார்க்கும் ஒரு இளைஞன்.

அந்த இளைஞனின் பெயரே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறி இன்று இவர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. "இதைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று அண்ணன் மகளிடம் பேனாவை நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாங்கி எழுதினேன். அவர் அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு போட்டோ எடுத்துத் தன் மகளுக்கு அனுப்பினார். பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறாளாம்.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "நம்ம கொள்ளுத் தாத்தாவோட அப்பா பேர் என்ன அத்தை?"

எனக்குத் தெரியவில்லை. கொள்ளுத் தாத்தா பெயர் தெரியும். கொள்ளுப் பாட்டியின் பெயரே தெரியாது. 'திருச்சி பாட்டி' என்று சொல்லக் கேட்டதோடு சரி. வரலாறு டீச்சர்!

யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞனை யாரும் பாசத்தோடு எழுதி வைக்கவில்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே என்று எண் போட்டு, உயரம் அளந்து, படம் எடுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கிலிருந்துதான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். அவருக்கு முன்னால் வந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கு அதுவும் இல்லை. அவர்களுடைய சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை, முதலாளி வைத்த பெயர்தான் ஏட்டில் இருக்கும். தென்மேற்கில் லெ மோர்ன் என்ற மலை. தப்பி ஓடிய அடிமைகள் அதில்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களை, பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பலர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று அங்கே சொல்வார்கள். இன்று அந்த மலையடிவாரத்தில் வரிசையாகச் சொகுசு விடுதிகள்.

கப்பல் ஏறாமல் ஊரிலேயே இருந்த நம் குடும்பங்களை யாரும் எண் போட்டு எழுதவில்லை. நமக்கு இருப்பது வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் மட்டும்தான். நம் ஏ பிளாக்கிலிருந்து டி பிளாக் வரை எத்தனையோ ஊர்க்காரர்கள் இருக்கிறோம். நம் பிள்ளைகள் ஆஸ்டினிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் நாளைக்குக் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாளாவது இருக்கிறதா?

அதனால் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் செக்யூரிட்டி ரிஜிஸ்டர் பக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மெயின்டனன்ஸ் கட்ட வரும்போது பத்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் தாத்தா, பாட்டி, அவர்களுடைய பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பார்த்த தொழில் எழுதுங்கள். பாட்டிகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். பொதுவில் எழுத விருப்பமில்லையென்றால் வீட்டிலேயே ஒரு நோட்டு போடுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாலையில் நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தில் என் குடும்பம் இருக்கிறது. 'திருச்சி பாட்டி' என்ற இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மன்னார்குடியில் தொண்ணூறு வயதில் ஒரு சித்தி இருக்கிறார். அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறேன். தமிழ் எழுத்து கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் அண்ணன் மகளும் உடன் வருகிறாள். சித்தி சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாளாம்.